காலடியில் காத்திருக்கும் எமன்! பனிச்சரிவை முன்கூட்டியே அறிய முடியுமா?

மார்கழி மாதம். விடியற்காலை நேரம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல் ஏரி. அதன் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. எங்கும் புகை போட்டது போல் பனி! புல் நுனியில் முத்து முத்தாக நீர் நிற்கும். பால்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போவார்.

வெயில் ஏறியதும் அந்தப் பனி மறைந்துவிடும். போன இடம் தெரியாது.

நமக்குத் தெரிந்த பனி இவ்வளவுதான். அதிகம் போனால் அது ஒரு தும்மலைத் தரும். ஒரு நாள் ஜலதோஷத்தைத் தரும்.

ஆனால் நம் நாட்டின் வட எல்லையில் வேறொரு பனி இருக்கிறது. அது பஞ்சு போல் விழுகிறது. மலை போல் குவிகிறது. ஒரு நொடியில் சரிந்து, மனிதர்களை உயிரோடு மூடிவிடுகிறது.

அந்தப் பனிக்கும் தாமலுக்கும் என்ன சம்பந்தம்?

தாத்தாவும் பேரனும்

சம்பந்தம் இருக்கிறது. தாமலில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுத் தறியில் ஐம்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்த பெரியவர் அவர். பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் விடுமுறையில் வந்திருந்தான்.

பேரன் கையில் செல்போன். அதில் ஒரு படம் ஓடியது. வெள்ளை வெளேர் என்று ஒரு மலை. ஒரு வாலிபன் கால்களில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, மலை உச்சியிலிருந்து பறவை போல் சறுக்கி இறங்குகிறான். பின்னால் பனித்தூள் பறக்கிறது.

"தாத்தா! பிப்ரவரி மாதம் நானும் நண்பர்களும் காஷ்மீர் போகிறோம். குல்மார்க் என்ற இடம். இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளப் போகிறோம்" என்றான் பேரன்.

"விழுந்தால் என்னடா ஆகும்?" என்று கேட்டார் தாத்தா.

"பனிதானே தாத்தா! மெத்தை மாதிரி இருக்கும்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் பத்திரிகைக்காரர். நாலும் படித்தவர். இவன் சொல்வது நிஜமா?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

நம் பிள்ளைகள் நிற்கும் இடம்

பனியில் சிக்கி உயிர் விடுவது ஏதோ வெளிநாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம்.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி. சியாச்சின் பனிமலையில், சுமார் 19,600 அடி உயரத்தில், சோனம் என்ற காவல் முகாம். அங்கே காவல் இருந்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள். பிரமாண்டமான பனிச்சுவர் ஒன்று இடிந்து முகாமின் மேல் விழுந்தது. பத்துப் பேரும் புதைந்து போனார்கள்.

அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். நாடே வியந்தது, பிரார்த்தனை செய்தது. ஆனால் பிப்ரவரி 11-ந் தேதி டில்லி மருத்துவமனையில் அவரும் கண் மூடினார்.

சியாச்சினில் நடந்தது பனிச்சுவர் இடிந்த விபத்து. பனிச்சரிவில் இன்னொரு வகை உண்டு. பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களை அதிகமாகக் கொல்வது அதுதான். அது வெளியில் தெரியாது. பனிக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். மனிதன் கால் வைக்கும் வரை காத்திருக்கும்!

குல்மார்க்கில் நடந்தவை

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குல்மார்க். 1948-ல் ராணுவம் அங்கே ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. இன்று அது உயர்மலைப் போர்ப் பள்ளி என்ற பெயரோடு விளங்குகிறது.

குல்மார்க்கில் கம்பி வடத்தில் ஓடும் தொங்கு வண்டி இருக்கிறது. 2005-ல் அதன் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது. அன்று முதல், சுமார் 13,000 அடி உயரத்துக்கு உட்கார்ந்தபடியே போய்விடலாம். அந்த இடம் அபர்வத் மலை.

வண்டிப் பாதையை ஒட்டிய சரிவுகளைப் பாதுகாவலர்கள் கண்காணிக்கிறார்கள். அதைத் தாண்டினால் காட்டுப் பனி! யார் காலும் படாத வெள்ளைச் சரிவுகள். துணிச்சல்காரர்கள் தேடிப் போவது அந்தச் சரிவுகளைத்தான்.

அந்த அழகான மலையடிவாரத்தில் நடந்ததைக் கேளுங்கள்:

2010 பிப்ரவரி 8-ந் தேதி, கிலன்மார்க் என்ற இடத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ராணுவத்தினர் மீது பனி சரிந்தது. 17 பேர் இறந்தார்கள். பயிற்சிக்கென்றே வந்தவர்கள் அவர்கள்!

2023 பிப்ரவரி 1-ந் தேதி, அபர்வத் மலையில் சறுக்கி விளையாடச் சென்ற குழுவினர் மீது பனி சரிந்தது. போலந்து நாட்டைச் சேர்ந்த இரண்டு பேர் மாண்டார்கள். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

2024 பிப்ரவரி 22-ந் தேதி, குல்மார்க்கில் தேசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. போட்டி நடந்த இடத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் மேலே, காவல் எல்லையைத் தாண்டிய சரிவில், ஒரு ரஷ்யர் பனிக்குள் புதைந்து இறந்தார்.

மூன்றும் பிப்ரவரி மாதம். பேரன் போகத் திட்டமிட்டிருப்பதும் அதே மாதம்தான்!

பட்டுச் சேலை எங்கே கிழியும்?

"பனி எதற்காகச் சரிகிறது? பாரம் தாங்காமல்தானே?" என்று கேட்டார் பெரியவர்.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி. இரண்டையும் கோர்வை போட்டு இணைக்கிறீர்கள். கோர்வை சரியாக விழாவிட்டால் என்ன ஆகும்?"

"கரை தனியாக வந்துவிடும், தம்பி. பட்டு எவ்வளவு உசத்தியானாலும் சரி, ஜரிகை எவ்வளவு கனமானாலும் சரி. இணைப்பு சரியில்லை என்றால் சேலை சரியில்லை" என்றார் அவர்.

பனிச்சரிவின் ரகசியமும் அதுவே.

மலையில் பனி ஒரே நாளில் விழுவதில்லை. டிசம்பரில் ஒரு முறை விழும். பத்து நாள் வெயில் காயும். மறுபடி விழும். பிறகு காற்று வீசும். இப்படி ஒவ்வொரு முறை விழும் பனியும் ஒரு தனி அடுக்கு. பாயின் மேல் பாய் விரித்தது போல, அடுக்கின் மேல் அடுக்காகக் கிடக்கும்.

எல்லா அடுக்குகளும் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொண்டால் ஆபத்து குறைவு. நடுவில் ஒரே ஒரு அடுக்கு ஒட்டாமல் இருந்தால் போதும். அது விரற்கடை கனமே இருக்கலாம். மேலே கிடக்கும் பல அடிப் பனிக்கும், கீழே இருக்கும் பனிக்கும் உள்ள இணைப்பு அதோடு அறுந்துபோகும்!

இட்லிப் பானையில் நடப்பது

ஒட்டாத அடுக்கு எப்படி உண்டாகிறது? இதற்கு இட்லிப் பானையே சாட்சி.

பானையின் அடியில் சூடு. மேலே மூடி. ஆவி கீழிருந்து கிளம்பி மேலே போகிறது. மூடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது.

பனிக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. கடுங்குளிரிலும் பனிக்கு அடியில் உள்ள தரை, பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே வீசும் காற்றோ பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை போகும். ஆக, தரை வெதுவெதுப்பு. மேல் பகுதி கடுங்குளிர். அடிப்பனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி கிளம்பி மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் மறுபடி உறைந்து, புதிய மணிகளாக மாறுகிறது.

இந்த மணிகள் சர்க்கரை போல் இருக்கும். கையில் அள்ளினால் பொலபொலவென்று கொட்டும். உருண்டை பிடிக்க முடியாது. இதுதான் ஒட்டாத அடுக்கு!

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் கனத்துக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்க்கரை மணிகள் வளரும் என்பது பனி விஞ்ஞானிகளின் பொது விதி.

பனி 50 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி வித்தியாசத்தை ஐந்தால் வகுத்தால் 3 டிகிரி. ஆபத்து!

பனி 200 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-ஐ இருபதால் வகுத்தால் முக்கால் டிகிரி. மணிகள் உருண்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பனி குறைவாக விழுந்த வருஷம் பத்திரமான வருஷம் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு! மெல்லிய பனிதான் அடியில் சர்க்கரையாக மாறுகிறது. பிறகு ஒரு நாள் பெரும்பனி அதன் மேல் வந்து குவியும்போது, அந்தப் பாரத்தைச் சர்க்கரை தாங்காது.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களை 'சில்லாய் கலான்' என்பார்கள். பெருங்குளிர் என்று பொருள். வழக்கமாகப் பனி கொட்ட வேண்டிய காலம் அது. 2024 ஜனவரியில் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் குல்மார்க் சரிவுகள் புல் தெரியக் கிடந்தன. பயணிகள் ஏமாந்து திரும்பினார்கள். மாதக் கடைசியில் பனி வந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் கொட்டித் தீர்த்தது. அடுத்து வந்ததுதான் 22-ந் தேதி விபத்து.

முதலில் வறண்ட குளிர். அப்புறம் திடீர்ப் பெரும்பனி. பனி ஆராய்ச்சியாளர்கள் மிகவும் அஞ்சுகிற வரிசை இது.

பனித்துளியும் பகையாகும்

ஒட்டாத அடுக்கில் இன்னொரு ரகம் உண்டு. அது நம் தாமல் ஏரிக்கரைப் புல்லில் நிற்கும் பனித்துளியின் அண்ணன்!

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நம் ஊர்ப் புல்லில் நீர்த்துளி படிகிறது. அதே மாதிரி இரவில், பனிமலையின் மேல் படிவது நீர் அல்ல; மெல்லிய பனி இறகுகள். காலை வெயிலில் வைரத்தூள் தூவியது போல் மின்னும். பார்க்க அவ்வளவு அழகு!

அந்த இறகுகள் நிற்கும்போதே அவற்றின் மேல் அடுத்த பனி விழுந்துவிட்டால், அவை உள்ளே புதைந்துபோகும். நின்ற நிலையிலேயே வாரக்கணக்கில் கிடக்கும். சீட்டுக்கட்டு வீடு போல, தொட்டால் மடங்கிவிடும்.

நேற்றைய அழகு இன்று உள்ளே புதைந்து கிடக்கிறது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம்.

ஒரு மணைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் முரட்டுத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். துணியின் மேல் மைதா மாவைப் பரப்பிக் கையால் அழுத்துங்கள். அதன் மேல் சர்க்கரையை மெல்லியதாகத் தூவுங்கள். மறுபடி அதன் மேல் மாவைக் கனமாகப் பரப்பி, லேசாக அழுத்துங்கள்.

இப்போது பலகையின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். ஓரளவு சாய்ந்ததும் மேல் மாவு பாளமாக விரிசல் விடும். சர்க்கரையின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அடி மாவு துணியோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இமயமலையில் நடப்பதும் இதுவே. அங்கே மேல் மாவின் கனம் ஆள் உயரம் இருக்கும். அகலம் பல நூறு அடி இருக்கும்.

அதன் வேகம்? பாளம் உடைந்த சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். யாரும் ஓடித் தப்ப முடியாது.

பலியானவரே காரணம்!

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம்.

பனிச்சறுக்குக்குப் போய்ச் சரிவில் சிக்கியவர்களின் கதைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது விபத்துகளில் சரிவைக் கிளப்பிவிட்டது யார் தெரியுமா? சிக்கிய ஆளே! அல்லது அவரோடு வந்த ஆள்!

ஆம். மலை தானாக அவர்கள் மேல் விழவில்லை. ஒரு மனிதனின் எடை அந்தப் பாளத்தின் மேல் ஏறியது. அடியில் இருந்த சர்க்கரை அடுக்கு நொறுங்கியது. நொறுங்கல் கண் இமைக்கும் நேரத்தில் சரிவு பூராவும் பரவியது. பாளம் அறுந்துகொண்டது.

இது பயமுறுத்தும் செய்திதான். ஆனால் இதற்குள்ளேயே ஓர் ஆறுதலும் இருக்கிறது. நம் கால்தான் காரணம் என்றால், காலை வைக்காமல் இருப்பதும் நம் கையில்தானே இருக்கிறது!

அனுபவம் மட்டும் காப்பாற்றாது

"பழகினவர்களுக்கு ஆபத்து வராது தாத்தா. எங்களோடு வருகிற ஒருவன் மூன்று தடவை போய் வந்திருக்கிறான்" என்றான் பேரன்.

அவனுக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னேன்.

உத்தரகாண்டில் சவிதா கன்ஸ்வால் என்று ஒரு வீராங்கனை இருந்தார். எளிய குடும்பத்துப் பெண். 2022 மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தையும் மகாலு சிகரத்தையும் 16 நாட்களுக்குள் ஏறி முடித்தார். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியாளராக இருந்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, பயிற்சி மாணவர்களோடு 'திரௌபதி கா டண்டா' என்ற சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். பனி சரிந்தது. 27 உடல்கள் கிடைத்தன. இரண்டு பேரைக் காணவே இல்லை. இறந்தவர்களில் சவிதாவும் ஒருவர்.

எவரெஸ்ட் ஏறியவர் என்று பார்த்துப் பனி வழி விடுவதில்லை. அந்த மலையில் மூன்று தடவை சறுக்கியவனை அது மூன்று தடவை விட்டுவிட்டது என்பதுதான் உண்மை. நான்காவது தடவைக்கு அது உத்தரவாதம் அல்ல.

ஆபத்தை அறிவது எப்படி?

அப்படியானால் யாரும் பனிமலைக்கே போகக் கூடாதா? போகலாம். ஆனால் பார்த்துப் போக வேண்டும். தேர்ந்த வழிகாட்டிகள் கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: சாய்வு. பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும். ஒன்றில் 30 டிகிரி மூலை. மற்றதில் 45 டிகிரி மூலை. பாளமாகச் சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டு மூலைகளுக்கும் இடைப்பட்ட சரிவில்தான் கிளம்புகின்றன. 30-க்குக் குறைந்த சரிவில் பனி சாதாரணமாக நகராது. 45-க்கு மேல் செங்குத்தானால் பனி அதிகம் சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குவதற்கு ஆசையாக இருக்கும் சரிவும், சரிவதற்குத் தயாராக இருக்கும் சரிவும் ஒன்றே! தட்டையான இடத்தில் நிற்பதாலும் தப்பிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இரண்டு: வானிலை. பெரும்பனி விழுந்து ஓய்ந்த முதல் நாளும் இரண்டாம் நாளும் மிக மோசம். பலத்த காற்றும் மோசம். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்து, கெட்டியான பாளமாக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், புயல் ஓய்ந்து நீல வானம் தெரியும் அந்த நாளில்தான் எல்லோருக்கும் சறுக்க ஆசை வரும்!

மூன்று: மலை தரும் எச்சரிக்கை. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்திருக்கிறதா? கால் வைத்ததும் 'பொம்ம்' என்று தரை அமுங்கும் ஓசை கேட்கிறதா? காலடியிலிருந்து கண்ணாடி போல் விரிசல் ஓடுகிறதா? மூன்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். அடியில் ஒட்டாத அடுக்கு இருப்பதை மலையே கூப்பிட்டுச் சொல்கிறது!

நான்கு: தோண்டிப் பார்ப்பது. இதுதான் பனியின் உள்ளே கண்ணை நுழைப்பது. ஆபத்தில்லாத ஓர் இடத்தில், அதே திசையைப் பார்த்த சரிவில், குழி தோண்டுவார்கள். குழியின் சுவரில் அடுக்குகள் தெரியும். விரலால் குத்திப் பார்ப்பார்கள். எந்த அடுக்கில் விரல் சுலபமாக நுழைகிறதோ, எங்கே சர்க்கரை கொட்டுகிறதோ, அங்கே சந்தேகம்.

முப்பது தட்டு

பிறகு ஒரு சோதனை. குழியின் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள தூண் ஒன்றைப் பனியிலேயே அறுத்து நிறுத்துவார்கள். அதன் தலையில் பனிவாரியின் தகட்டை வைப்பார்கள்.

முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. அடுத்து முழங்கையிலிருந்து பத்துத் தட்டு. கடைசியில் தோளிலிருந்து பத்துத் தட்டு. மொத்தம் முப்பது.

முதல் பத்துத் தட்டுக்குள் தூண் சட்டென்று வெட்டியது போல் நழுவினால் அபாயம் மிக அருகில் இருக்கிறது. முப்பது தட்டுக்கும் அசையாவிட்டால் அந்த இடத்தில் இணைப்பு ஓரளவு பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு குழி ஒரு குழிதான். இருபது அடி தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம். அதனால் கெட்டிக்கார வழிகாட்டி, "போகாதே" என்று குழி சொன்னால் உடனே நம்புவார். "போகலாம்" என்று குழி சொன்னால், மற்ற அடையாளங்களையும் பார்த்த பிறகே நம்புவார்.

நம் நாட்டு ஆராய்ச்சி

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊரில் 1930-களிலேயே பனி ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

நம் நாட்டிலும் 1969-ல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 2020-ல் அது மற்றொரு பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து, இன்று சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. குளிர்காலத்தில் இமயமலைப் பகுதிகளுக்கு அபாய அறிவிப்புகளை வெளியிடுவது அதன் வேலைகளில் ஒன்று. காஷ்மீருக்குப் போகிறவர்கள் புறப்படும் காலையில் அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

புதைந்துவிட்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒருவர் புதைந்துவிட்டால் என்ன செய்வது?

கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதல் பத்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர் பிழைப்பதே பெரிது. காரணம், சரிந்து நின்ற பனி சிமெண்டு போல் இறுகிவிடுகிறது. மூச்சு விட வழி இருக்காது.

பத்து நிமிஷத்தில் போலீஸ் வருமா? ராணுவம் வருமா? வராது. கூட வந்த நண்பன்தான் காப்பாற்ற வேண்டும். அதற்காக ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும். வானொலி அலையால் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட மடக்குக் கம்பி, தோண்டுவதற்குப் பனிவாரி. மூன்றையும் உபயோகிக்கப் பழகியிருக்கவும் வேண்டும்.

ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து போனால் தோண்ட ஆள் மிஞ்சாது!

திருப்பிப் பார்

நான் சொல்லி முடித்தபோது பேரன் செல்போனைக் கீழே வைத்திருந்தான்.

"அப்படியானால் போக வேண்டாம் என்கிறீர்களா, அண்ணா?" என்று கேட்டான். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"போய் வாருங்கள். காவல் உள்ள சரிவில், கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் இருக்க, ஆசை தீர விளையாடுங்கள். காவல் எல்லையைத் தாண்டி யாராவது கூப்பிட்டால் மட்டும் நான்கு கேள்வி கேளுங்கள். இன்றைய அபாய அறிவிப்பு என்ன? சாய்வு எத்தனை டிகிரி? கடைசியாகப் பெரும்பனி எப்போது விழுந்தது? குழி தோண்டிப் பார்த்தீர்களா? ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் திரும்பிவிடுங்கள்" என்றேன்.

"நண்பர்கள் கேலி செய்வார்களே!"

இதற்குப் பதில் சொன்னவர் தாத்தா. மடித்து வைத்திருந்த ஒரு சேலையை எடுத்தார். மேல் பக்கம் அரக்கு நிறத்தில் பளபளத்தது. அதைத் திருப்பி, கோர்வை போட்ட இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். பிரியவில்லை.

"கடையில் வந்து மேல் பளபளப்பைப் பார்த்துச் சேலை எடுக்கிறவர்கள் நூறு பேர். திருப்பி, அடியைப் பார்த்து எடுக்கிறவர் ஒருவர். அந்த ஒருவரைக் கடைக்காரன் கேலி செய்யலாம். ஆனால் ஏமாற்ற முடியாதுடா. கேலிக்குப் பயந்து மலையில் போய்ப் படுத்துக்கொள்ளாதே. நீ எனக்குத் திரும்பி வர வேண்டும்" என்றார்.

பேரன் பேசவில்லை. தாத்தா நீட்டிய சேலையை வாங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தான். பிறகு செல்போனை எடுத்து நண்பர்களைக் கூப்பிட்டான்.

"வழிகாட்டி இல்லாமல் நான் வர மாட்டேன்" என்று அவன் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.